சுரண்டி அழித்த கோடு

பழைய ரயில் நிலையத்தைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். டிக்கெட் கொடுத்த சிறு ஜன்னலுக்குள் இப்போது அறைச் சாவிகள் தொங்கின. நடைமேடையில் சாய்வு நாற்காலிகள் கிடந்தன. தண்டவாளம் ஓடிய இடத்தில் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தது. மழை விட்டும் வெயில் வராத ஒரு பிற்பகலில் அவர்கள் இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அவள் காரை நிறுத்தியதும், பக்கத்து இருக்கையிலிருந்த கணவன் காலை உதறிக்கொண்டு இறங்கினான்.

"வழி நெடுக நான்தான் பிரேக் போட்டுக்கிட்டு வந்தேன். நீ சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டிருந்தே, அவ்வளவுதான்."

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். யார் வண்டி ஓட்டினாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் கால் தன்னால் தரையை மிதிக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துச் சிரித்துவரும் பழக்கம்.

அவள் நில அளவைக்காரி. ஒரு பெரிய அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காக வேறு யாரோ கையெழுத்துப் போடும் படங்களை வரைந்து சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். அவளை நம்பி வந்த முதல் வேலை இது. ஊர்ச் சபை பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கப் போகிறது. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கி இரும்புக்கு விற்றாகிவிட்டது. பாதை எந்தெந்த இடம் வழியாக ஓடியது என்று பழைய வரைபடங்களை வைத்துக் கண்டுபிடித்து, நெடுக முளைக்குச்சி அடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் மண் சமன்படுத்தும் இயந்திரம் வந்துவிடும். கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமென்று கணவனையும் விடுப்புப் போட வைத்து அழைத்து வந்திருந்தாள்.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு கடற்கரைக்குப் போறான். நான் இல்லாத தண்டவாளத்தைத் தேடிக்கிட்டுப் போறேன்" என்று அவன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். விடுதி நடத்திய வீட்டுக்காரம்மாவிடமும் சொன்னான். சாயம் போட்ட தலைமுடியும் வாய் ஓயாத ரேடியோவுமாக இருந்த அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மாலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வரைபடங்களை விரித்தார்கள். மூன்று படங்கள். ஒன்று இன்றைய காலத்தது. ஒன்று, ரயில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அச்சடித்தது. மூன்றாவதுதான் அவளுக்குக் கிடைத்த பொக்கிஷம். பாதை போட்ட காலத்திலேயே மையால் கையில் வரைந்து, பின்னால் துணி ஒட்டியது. ஆவணக் கிடங்கில் ஈர வாடையோடு சுருண்டு கிடந்தது.

"டீயை அதுமேல வைக்காதீங்க!"

"வைக்கலம்மா. பாத்தாலே கொட்டிடுமோன்னு பயமா இருக்கு. நான் கையில வச்சே குடிக்கிறேன்."

எல்லாப் படங்களிலும் பாதை நிலையத்திலிருந்து நேராகக் கிழக்கே போய், ஒரு குன்றுக்கு முன்னால் வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு போனது. கையால் வரைந்த படத்தில் அந்த வளைவு மட்டும் வேறு மை. மற்ற கோடெல்லாம் பழுப்பேறியிருக்க, வளைவு கருப்பாக இருந்தது. அவள் விரல் நுனியால் தாளைத் தடவினாள். வளைவு தொடங்கும் இடத்தில், நேர்த்திசையில், தாள் சொரசொரத்தது.

"இங்க சுரண்டியிருக்காங்க. பிளேடை வச்சு மையை எடுத்திருக்காங்க. செல்போன் லைட்டை அடியில பிடிங்க."

அவன் பிடித்தான். வெளிச்சத்தில் தாள் தோல் மாதிரி ஒளிர்ந்தது. அழித்த கோடு மெலிந்த தழும்பாகத் தெரிந்தது. அது வளையவே இல்லை. நேராகப் போய்க் குன்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து புள்ளிக் கோடாக மாறியது.

"சுரங்கப்பாதை!" அவளுக்கு உட்கார முடியவில்லை. "நடைபாதையில ஒரு சுரங்கம் இருந்தா எப்படி இருக்கும், சொல்லுங்க. சபைக்காரங்க சும்மா அசந்துபோயிடுவாங்க."

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. இன்றைய வரைபடத்தில் ஊரைச் சுற்றி ஏகப்பட்ட ஒற்றையடிப் பாதைகள். எல்லாம் பழைய ரயில் பாதையைக் குறுக்கே கடந்தன. அதன் நெடுக ஒன்றுகூடப் போகவில்லை. கைவிட்ட ரயில் பாதை என்றால் மேடு பள்ளம் இல்லாத சமதரை. எந்த ஊரிலும் ஜனங்கள் அதைத்தான் முதலில் நடக்கப் பிடித்துக்கொள்வார்கள்.

"முள்ளு மண்டிக் கிடக்கும்" என்றான் கணவன்.

வீட்டுக்காரம்மா பாத்திரம் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். "முள்ளா? அங்க புல்லுகூட ஒழுங்கா வளராது."

"அப்ப ஏன்க்கா யாரும் அதுமேல நடக்கிறதில்ல?"

அந்த அம்மாள் யோசித்தாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி போல இருந்தது. "தெரியலையேம்மா. குறுக்கத் தாண்டித்தான் பழக்கம். யாரும் சொல்லியெல்லாம் தரலை. கால் அப்படித்தான் போகுது."

மறுநாள் காலை பனி மூட்டம். முற்பகல் ஆகியும் விலகவில்லை. காத்திருந்தால் நாள் வீணாகும் என்று கிளம்பிவிட்டார்கள். அவள் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பாதையின் ஓரமாக நடந்தாள். அவன் முளைக்குச்சிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் நடந்தான். அவள் சொல்லும் இடத்தில் ஒரு குச்சியை அடிப்பான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி இருந்தது.

"இது உங்க அம்மா ஞாபகமா. நட்ட இடத்தை விட்டு அசையாது."

"அம்மாகிட்ட சொல்றேன், இருங்க."

வீட்டுக்காரம்மா சொன்னது சரிதான். முள் இல்லை. இரு பக்கமும் புதர் அடர்ந்திருக்க, நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குக் கருத்த வெற்று மண். மழையில் ஊறி மெத்தென்று இருந்தது. 

ஓர் ஓடைப் பாலத்தின் கல் வளைவைப் படமெடுக்க அவள் புதருக்குள் இறங்கினாள். திரும்பி ஏறியபோது கணவன் கொஞ்ச தூரம் முன்னால் போயிருந்தான். அவன் நடையில் ஏதோ மாறியிருந்தது. சாதாரணமாக அவன் வாத்து மாதிரி அசைந்து அசைந்து நடப்பான். இப்போது நீட்டி நீட்டி, ஒரே அளவாக, ஒரு காலுக்கும் மறு காலுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் வைத்துப் போனான்.

"என்னங்க, இங்க ஒரு குச்சி அடிக்கணும்."

அவன் திரும்பவில்லை. "கால் நல்லாப் போகுது" என்றான்.

அவள் அவனைப் பிடிக்க ஓரத்தை விட்டுப் பாதையின் நடுவுக்கு வந்தாள்.

உடனே கேட்டது.

ஜல்லி நொறுங்கும் சத்தம்.

அவள் காலடியில் ஜல்லி இல்லை. சேறு. ஆனாலும் ஒவ்வொரு எட்டுக்கும் கல்லும் கல்லும் உரசி நெரிந்தன. ஓரமாக விலகினாள். சத்தம் அறுந்தது. மறுபடி உள்ளே வந்தாள். மறுபடி கேட்டது. இந்தத் தடவை அவள் எட்டு மட்டும் இல்லை. பின்னால், பனிக்குள், நிறையக் கால்கள்.

அப்போதுதான் தன் காலைக் கவனித்தாள். அதுவும் நீட்டி நீட்டி விழுந்துகொண்டிருந்தது. அவள் உயரத்துக்கு அது பொருந்தாத எட்டு, இடுப்பு வலித்தது. குறுக்கிப் போட நினைத்தாள், முடியவில்லை. ஓட நினைத்தாள், அதுவும் முடியவில்லை. இந்த அளவு அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் தள்ளித் தள்ளிக் கட்டைகள் கிடக்குமே, அந்த இடைவெளி. கட்டையிலிருந்து கட்டைக்குத் தாவி நடக்கிறவர்களின் எட்டு.

கட்டைகளும் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"என்னங்க! நில்லுங்க!"

அவன் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. அவன் குரலில் அவள் ஒருநாளும் பயத்தைக் கேட்டதில்லை.

"பிரேக் பிடிக்க மாட்டேங்குதும்மா."

புதிய வளைவு பிரியும் இடம் வந்தது. அவன் வளையவில்லை. நேராகப் போனான். சுரண்டி அழித்த கோட்டின் மேல் போனான். இரண்டு பக்கமும் தரை உயர்ந்து கல் சுவராக மாறியது. குன்றை வெட்டிப் பாதை போட்ட பள்ளம். பாறையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே வெள்ளையாக ஒரு துண்டு வானம். விலகி நடக்க ஓரமே இல்லை. அளவுச் சக்கரம் அவள் கையிலிருந்து எப்போது நழுவியதென்று தெரியவில்லை. கால்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போயின.

கரிப்புகை வாடை வந்தது. அதற்குள் மண்ணெண்ணெய், ஈரத் துணி, பல பேரின் வியர்வை.

பள்ளம் முடியும் இடத்தில் சுவர். சுரங்க வாயைக் கருங்கல்லால் அடைத்திருந்தார்கள்.

அவன் அதன்முன் நின்றுகொண்டிருக்கிறான் என்று நினைத்தாள்.

அவன் நிற்கவில்லை. நடந்துகொண்டிருந்தான். நெற்றியும் மார்பும் கல்லில் அழுந்தியிருக்க, கால்கள் மாறி மாறிச் சுவரை முட்டின. காலணியின் முனை பிய்ந்துபோயிருந்தது.

"வழி விடுங்க" என்று கல்லிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அதற்குள் அவளே அவனருகில் போய்ச் சுவரில் மோதினாள். பின்னாலிருந்து நெருக்கியது. திருவிழாக் கூட்டத்தில் மாட்டினால் நெருக்குமே, அப்படி. முதுகில் ஒரு மார்பு, விலாவில் ஒரு முழங்கை, அதற்குப் பின்னால் இன்னும் இன்னும். கன்னம் ஈரக் கல்லில் ஒட்டியது. மூச்சு விட இடமில்லை.

பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"தள்ளிக்கம்மா." காதோரம் ஓர் ஆணின் குரல். அதட்டல் இல்லை. களைத்துப்போன குரல். "உள்ள நம்ம ஆளுங்க இருக்காங்க."

அப்போது கன்னத்துக்கு அடியில், கல்லுக்கு அந்தப் பக்கம், தட்டினார்கள்.

டொக். டொக்.

பின்னாலிருந்த கூட்டம் முழுவதும் ஒரு முனகலோடு முன்னால் சாய்ந்தது. கணவனின் விலாவில் ஏதோ முறியும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் கத்தக்கூட இல்லை. காற்று இருந்தால்தானே கத்த.

"திறக்கச் சொல்றேன்" என்றாள். குரல் வரவில்லை, உதடுதான் கல்லில் அசைந்தது. "சுவரைத் திறக்கச் சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். இவரை விட்டுடுங்க."

நெருக்கல் ஒரு மூச்சளவு தளர்ந்தது.

பின்னால் போக முடியாது, அவர்கள் நிற்கிறார்கள். முன்னால் கல். ஊர்க்காரர்களின் ஒற்றையடிப் பாதைகள் அவள் நினைவில் கோடு கோடாக ஓடின. எல்லாம் குறுக்கே. அவள் சட்டென்று மண்டியிட்டாள். கணவனின் கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்து, துடித்துக்கொண்டிருந்த அந்தக் காலைப் பக்கவாட்டில் திருப்பி, பாறைச் சரிவின் மேல் ஊன்றினாள்.

கால் அடங்கியது.

"பக்கவாட்டுல! மேல பாருங்க, வேரைப் பிடிங்க!"

அவன் தூக்கத்தில் தட்டி எழுப்பிய குழந்தை மாதிரி விம்மிக்கொண்டு வேரைப் பிடித்தான். அவள் கீழிருந்து தள்ளினாள். பாசியில் வழுக்கி, முழங்கை கிழிந்து, எப்படி ஏறினார்கள் என்று இருவருக்கும் பிறகு சொல்லத் தெரியவில்லை. மேலே போய்ப் புல்லில் விழுந்தபிறகு அவள் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

ஒருவரும் இல்லை. பனி மட்டும், அசையாமல், சுவர் வரைக்கும் நிரம்பி நின்றது.

வீட்டுக்காரம்மா காயத்துக்குக் கட்டுப் போட்டாள். ரேடியோவை அணைத்துவிட்டிருந்தாள். அவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"எங்க மாமியார் ஏதோ சொல்லுவாங்க. நான் காதுல போட்டுக்கிட்டதே இல்ல" என்றாள். "மலை உள்ளுக்குள்ள சரிஞ்சு ஆளுங்க மாட்டிக்கிட்டாங்களாம். தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். தோண்டினா மொத்தமும் இறங்கிடும்னு பாதை போட்டவங்க வாயை அடைச்சிட்டாங்களாம். மத்த கூலியாளுங்க கேக்கலை. சுவரை இடிக்கறோம்னு எல்லாருமாக் கிளம்பிப் போயிருக்காங்க. போனவங்களும் திரும்பலையாம். ஏதோ பழங்கதைன்னு நினைச்சேன்."

நில அளவைக்காரி தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். சுலபமாக நடக்கவில்லை. சுவரை ஏன் திறக்க வேண்டும் என்று சபைக்காரர்கள் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னால் வேலையும் போகும், பெயரும் போகும். படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். சுரங்கத்தை ஆராயாமல் அதன் பக்கத்தில் ஜனங்களை நடக்கவிட்டால் ஆபத்து என்று வாதாடினாள். நான்கைந்து கூட்டங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு நல்ல வெயில் நாளில் இயந்திரம் வந்து கற்களைப் பெயர்த்தது. சுவருக்குப் பின்னால், ஒரு சிறிய அறையளவு இடத்தில், அவர்கள் இருந்தார்கள். எல்லாரும் வாசலை ஒட்டியே கிடந்தார்கள். சிலரின் கை எலும்புகளுக்குள் இன்னமும் கல் இருந்தது. ஊரே திரண்டு வந்து அவர்களை அடக்கம் செய்தது. வீட்டுக்காரம்மா வாய்விட்டு அழுதாள். சுவரை இடிக்கப் போனவர்களுடைய எலும்புகளும் பள்ளத்தில் இருக்கும் என்று தேடினார்கள். எவ்வளவு தோண்டியும் அவர்கள் அகப்படவில்லை.

நடைபாதை வளைவு வழியாகவே போடப்பட்டது. அவள் பெயர் பலகையில் ஏறியது. அடுத்தடுத்து வேலைகள் வந்தன. கணவன் மறுபடி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போனான். கேலியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. விலா வலி மட்டும் விடவில்லை. இடது தோள் எப்போதும் கனக்கிறது என்றான். எலும்பு சரியாகக் கூடியிருக்கிறதா என்று ஒருநாள் காலை அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

எக்ஸ்ரே எடுத்த பெண் கதவைத் திறந்துகொண்டு கோபமாக வெளியே வந்தாள்.

"படம் எடுக்கும்போது யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேன்ல? ஏம்மா உள்ள வந்து அவரைப் பிடிச்சீங்க?"

"நான் வரலையே. இந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன்."

அந்தப் பெண் நம்பவில்லை. கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய் வெளிச்சப் பலகையில் படத்தைக் காட்டினாள். விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. ஒன்றில் முறிந்து கூடிய முடிச்சு. அதற்கு மேலே, தோள் எலும்பைச் சுற்றி, பின்னாலிருந்து வந்து பிடித்திருந்தது ஒரு கை. நீண்ட, வெள்ளையான விரல் எலும்புகள். மோதிர விரலில் கடைசிக் கணு இல்லை.

நில அளவைக்காரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். எல்லா விரலும் முழுசாக இருந்தன.

கதவைத் தாழிட்டு இன்னொரு படம் எடுத்தார்கள். கை அங்கேயேதான் இருந்தது. இந்தத் தடவை அந்தக் கைக்குப் பின்னால் இருந்த முன்கை எலும்பும் தெரிந்தது. அதற்கும் பின்னால், படத்தின் விளிம்பில், அந்த முன்கைக்குரியவனின் தோளை வேறொரு கை பிடித்திருந்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றாள் அந்தப் பெண். படத்தை அவசரமாக உறைக்குள் திணித்து நீட்டினாள். "எலும்பு கூடிடுச்சு. நீங்க கிளம்புங்க. கிளம்புங்கம்மா."

படத்தில் கண்டதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவன், "எலும்பு கூடிடுச்சாமே, ஒரு நல்ல டீ வாங்கிக் குடு" என்று சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தான். நீளமான நடைவழி. கோடியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில் அடித்தது. அவள் சற்றுப் பின்தங்கியே போனாள்.

பாதி வழியில் அவன் திரும்பாமலே சொன்னான்: "அப்படியே வச்சிரு."

"எதை?"

"கையைத்தான். ஜில்லுன்னு இருந்தாலும் வலிக்கு இதமா இருக்கு. எடுத்துடாதே."

அவளுடைய ஒரு கையில் எக்ஸ்ரே உறை இருந்தது. இன்னொரு கையில் அவனுடைய குடை இருந்தது.